அருள்பிரகாஷ் மீது பெருக்கல் குறி

மகள் சான்ட்ராவின் கல்யாணப் பத்திரிகையில் மைத்துனன் பெயர் இருக்கக் கூடாது என்று கீழ்வேளூர் சிங்கராயர் முடிவெடுத்துவிட்டார். பெரிய முடிவுதான். மனைவி பாத்திமா மேரிக்கு மட்டும் தெரியக் கூடாது.

மைத்துனன் அருள்பிரகாஷ் குவைத்தில் இருக்கிறான். சிங்கராயரின் டி.டி.பி. கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் அவன் வாங்கித் தந்தது. தந்தவன் சும்மா இருந்திருக்கலாம். லீவில் வரும்போதெல்லாம், பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்பவர்களிடம், மீன்காரம்மா உட்பட, "அத்தானைக் கைதூக்கி விட்டதே நான்தான்" என்று சொல்லி வைப்பான். தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகை போனால் அந்த ரோஷக்காரன் கல்யாணத்துக்கு வரமாட்டான். அதுதான் சிங்கராயருக்கு வேண்டும்.

பெயரை நேராக அழிக்க வழியில்லை. பத்திரிகையை டைப் அடித்ததே பாத்திமா மேரி. டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள். கடைசி நிமிஷம் வரை படித்துப் பார்ப்பாள். ஆகவே சிங்கராயர் மூன்று நாள் தவம் கிடந்து, கம்ப்யூட்டர் தானாகவே வேலை செய்ய ஒரு மேக்ரோ எழுதினார். இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் போதும். அருள்பிரகாஷைத் தேடிப் பிடித்து, எழுத்துக்கு எழுத்து மேலே ஒரு பெருக்கல் குறி போட்டு, தாளில் அச்செடுத்து, பிறகு போட்ட குறிகளைத் தானே துடைத்துவிடும். கம்ப்யூட்டரில் தடயமே இருக்காது.

நாகப்பட்டினத்தில் பிரஸ் வைத்திருக்கும் ஹபீப் முகம்மதுவோடு பல வருஷத்து ஏற்பாடு. ப்ரூஃபில் பெருக்கல் குறி விழுந்த சொல்லை அவர் எடுத்துவிடுவார். நட்சத்திரம் விழுந்ததைக் கொட்டை எழுத்தில் போடுவார். மனைவி கேட்டால், பிரஸ்காரன் விட்டுவிட்டான் என்று கையை விரித்துவிடலாம்.

எல்லாம் சரி. ஆனால் கற்ற வித்தையை வீட்டில் காட்டாமல் இருக்க எந்தப் புருஷனால் முடியும்? ஒரு வாடகைப் பத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைக்கு டீ கொண்டுவந்த பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு மேரி. இந்த ரெண்டு மேற்கோள் குறிக்கு நடுவுல எந்தக் குறிய வைக்கிறமோ, அது எழுத்து மேல போய் உக்காந்துக்கும். வேணாங்கிற வரிய அடிச்சுடலாம்."

"பேனாவால ஒரு கோடு போட்டா ஆவாதா?"

"உனக்கு எங்க புரியப் போவுது!"

"அதுவும் சரிதான்." டீ தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை. பதினோரு மணி நாகை பஸ்ஸில் ப்ரூஃபைக் கொடுத்தனுப்ப வேண்டும். சிங்கராயர் பொத்தானில் விரல் வைத்த நேரம் பார்த்து பாத்திமா மேரி பின்னால் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவ பாத்துடுறேங்க."

"எத்தன தடவ பாப்ப?"

"தம்பி பேரு இருக்கான்னு..."

"இருக்கு! நல்லாப் பாரு!"

திரையில் இருந்தது, முத்து முத்தாக.

"அவன் வரலன்னா எங்க வீட்டுலேருந்து எனக்குன்னு நிக்க ஒருத்தரும் இல்லைங்க."

சிங்கராயருக்கு நெஞ்சு இளகியது. உடனே மீன்காரம்மாவை நினைத்துக்கொண்டார். இறுகிவிட்டது.

மனைவி நகர்வதாக இல்லை. ஸ்டாண்டில் பஸ் ஹாரன் அடித்தது. சட்டை முதுகோடு ஒட்ட, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். பிரிண்டர் ஊருக்கே கேட்கிற மாதிரி கிறீச்சிட்டது. தாள் வெளியே வருவதற்குள் குப்புறப் பிடித்து இழுத்து, நாலாக மடித்துக் கவரில் திணித்தார்.

"குடுங்க, படிச்சுட்டு ஒட்டுறேன்."

"பஸ்ஸு போயிடும்!"

வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

எட்டாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தால், பத்திரிகைக் கட்டு வீட்டில் பிரித்துக் கிடந்தது. ஒன்றை எடுத்தார். பெண், மாப்பிள்ளை பெயரை விடப் பெரிதாக, அட்டையே தாங்காத கொட்டை எழுத்தில் 'அருள்பிரகாஷ்'. அதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் 'சிங்கராயர்'. போனைப் பாய்ந்து எடுத்தார்.

"ஹபீபு, என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன்ணே? ஒரு நட்சத்திரம் போட்டாலே கொட்டை எழுத்து. நீங்க எழுத்துக்கு ஒண்ணா ஏழு போட்டு அனுப்பிட்டீங்க. பிரஸ்ல இருக்கறதுலயே பெருசா எடுத்துப் போட்டுட்டேன். மச்சான் மேல இவ்வளவு பிரியம்னு எனக்குத் தெரியாதுண்ணே."

போனை வைத்தார். பாத்திமா மேரி இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மேக்ரோவத் தொட்டியா?"

"அதுல தம்பி பேரு இருந்துச்சு. மேற்கோள் குறிக்கு நடுவுல ஒரே ஒரு குறிய மாத்துனேங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

சிங்கராயர் சோற்றைப் பிசைந்தார்.

"தம்பிக்குப் போன்ல படிச்சுக் காட்டினேன். அழுதுட்டான். 'அத்தான் மனசுல எனக்கு இவ்வளவு பெரிய எடமா'ன்னு கேக்குறான்."

"சரி, வரட்டும். ரெண்டு நாள் இருந்துட்டுப் போவட்டும்."

"போறதா? குவைத் வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டானாம். இனிமே உங்க கூடவேதான் கடையில உக்காருவானாம்."