நாக்குத் தரகர்

நாகப்பட்டினத்தில் நாக்குத் தரகரின் நாக்கு படாத சுவர் கிடையாது. கலங்கரை விளக்கத்தையே ஒருநாள் நக்கிப் பார்த்துவிட்டு, “ஆள் குடியிருக்க ஆகாது” என்று சொன்னாராம். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

வீடு வாங்கித் தருவது அவர் தொழில். மற்ற தரகர்கள் வாசல் எந்தத் திசை, கிணறு எந்த மூலை என்று பார்ப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றுவார், குடையைச் சாய்த்து வைப்பார், சுவரோரம் மண்டியிடுவார். முட்டி உயரத்தில் கட்டைவிரல் நகத்தால் வெள்ளையைச் சுரண்டி, நாக்கு நுனியை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். விற்கிறவரும் வாங்குகிறவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள், பரீட்சை முடிவு மாதிரி.

கடலோரத்து வீட்டுக்கு உப்புதான் எமன். கடல் மணலில் கட்டின சுவர் ஐப்பசி வந்தால் வேர்க்கும், பிறகு உப்புப் பூக்கும், பிறகு பொலபொலவென்று உதிரும். விற்க நினைக்கிறவர் முந்தின வாரமே வெள்ளையடித்து மூடிவிடுவார். கண்ணை ஏமாற்றலாம். அந்த நாக்கை ஏமாற்ற முடியாது.

அந்த நாக்கைத் தட்டார் உரைகல்லைக் காப்பாற்றுகிற மாதிரி அவர் காப்பாற்றினார். வெற்றிலை கிடையாது. ஊறுகாய் கிடையாது. நாகப்பட்டினத்தில் பிறந்து கருவாடே தொடாத மனுஷர். அவர் வீட்டைப் பூனைகூட மதிக்காது.

நாங்கள் குடவாசல் பக்கம். பண்ணையில் வேலை செய்த சனம். நாங்கள் குடிசை போட்டிருந்த மண் மிராசுதாருடையது. அரைப்படி கூலி நெல் கூடக் கேட்டதற்கு, “என் மண்ணை விட்டு எழுந்திரு” என்று சொல்ல அவரால் முடிந்தது. கீழத்தஞ்சையில் குடிசைகள் எரிந்த காலம் அது. பிறகு ஆட்சி மாறி, குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்தது. அது வருவதற்குள் என் அப்பா போய்விட்டார். அவரைக் கிடத்தின இடமும் பிறத்தியார் மண்தான். அன்றைக்கே முடிவு செய்தேன், சாவதற்குள் என் பேரில் பட்டா போட்ட வீடு ஒன்று வேண்டும். அதுவும் காரை வீடு.

என் வீட்டுக்காரர் பினாங்குத் தோட்டத்தில் உழைத்துவிட்டுக் கப்பலில் திரும்பி, துறைமுகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். நான் நெல் அவித்து அரிசி விற்றேன். கொஞ்சம் சேர்ந்ததும் தரகரைப் போய்ப் பார்த்தோம்.

“வாங்க, உக்காருங்க” என்றார். எங்களுக்கு ‘வாங்க’ போட்ட வாய்கள் அப்போது குறைச்சல். குடவாசல் பக்கம் என்று சொன்னோம். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. “காத்து எந்தப் பக்கத்துலேருந்து வரணும்மா?” என்று மட்டும் கேட்டார்.

ஏழு வீடு காட்டினார். ஏழையும் அவரே வேண்டாம் என்றார். ஒரு வீட்டு அம்மாள் கத்தினாள்: “யோவ், வித்துக் குடுன்னா தின்னுக்கிட்டிருக்கியே!”

“தின்னலீங்க. உங்க வீட்டுல சாதத்துக்கு உப்பே வேணாங்க. சுவத்துல சாஞ்சிக்கிட்டுச் சாப்பிட்டாப் போதும்.”

இன்னொருத்தர் கெட்டிக்காரர். வெள்ளையில் வெல்லத் தண்ணீரைக் கலந்து அடித்திருந்தார். தரகர் நக்கிவிட்டுச் சப்புக்கொட்டினார். “அய்யம்பேட்டை அச்சுவெல்லம். முதல் தரம். சுவருதான் மட்டம்.”

எட்டாவது வீடு துறைமுகத்துக்குப் பின்னால், ஒல்லாந்துக்காரர்கள் இருந்து போன பழைய தெருவில். ஒரு முழத்துக்கு மேல் கனமான சுவர். மாடிச் சன்னலைத் திறந்தால் கடல். தரகர் முட்டி உயரத்தில் நாக்கை வைத்தார். இடுப்பு உயரத்தில் வைத்தார். தோள் உயரத்தில் வைத்தார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“ஆத்து மணலும்மா. வெட்டாத்துல படகு போட்டுக் கொண்டாந்திருக்கான். உங்க பக்கத்து மணலு.”

அந்த வீட்டின் சொந்தக்காரர் பழைய சரக்கு வியாபாரி, தனிக்கட்டை. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “எந்த ஊரு?”

“குடவாசல் பக்கம்.”

“எந்தத் தெரு?”

எங்கள் சீமையில் அந்தக் கேள்வி எதற்கு என்று குழந்தைக்கும் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு என் நாக்கு புரளவில்லை.

“சேரிதாங்க.”

அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “வீட்டை இப்ப விக்கிறாப்ல இல்ல. பேரப் பசங்க வந்து தங்கறாங்க.”

கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷருக்குப் பேரப் பிள்ளைகள்!

தரகர் குடையை எடுத்தார். தெருக்கோடி வந்ததும் நின்றார். “அவசரப்படாம இருங்கம்மா” என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அந்த வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வழக்கப்படி அவரையே கூட்டிப்போனார்கள். மண்டியிட்டார், நக்கினார், முகத்தைச் சுளித்துத் தெருவில் வந்து துப்பினார். “கடலே உள்ள குடியிருக்கு.” ஊரில் அந்த வார்த்தைக்கு மேல் அப்பீல் கிடையாது. இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒருத்தரும் அந்த வாசல்படி ஏறவில்லை.

செய்தி காதுக்கு வந்ததும் நான் நேரே போய்க் கேட்டேன். “நல்ல சுவருன்னு எங்கிட்ட சொன்னீங்க. ஊருக்கு வேற சொல்றீங்களே?”

“நல்ல சுவருதான். அதனாலதான்.”

“பொய் சொல்லி வர்ற வீடு எனக்கு வேணாம் அண்ணே.”

“இல்லாத பேரனை அவரு வரவழைக்கலாம், இல்லாத உப்பை நான் வரவழைக்கக் கூடாதாம்மா?”

அடுத்த தையில் வியாபாரி சொந்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டிய நெருக்கடியில், தானே தரகரிடம் ஆள் அனுப்பினார். யாராயிருந்தாலும் சரியாம். பாதி விலைக்கும் சரியாம்.

அங்கேதான் என் ரோஷம் எழுந்து நின்றது. முதல் நாள் அவர் சொன்ன விலை எதுவோ, அதில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் கொடுப்பேன் என்றேன். உப்பு வீட்டைச் சேரிக்காரி அடிமாட்டு விலைக்கு அடித்துக்கொண்டு போனாள் என்று நாளைக்கு ஒரு வாய் சொல்லக் கூடாது.

தரகர் என்னைத் தனியாக அழைத்தார். “கொஞ்சமாச்சும் கொறச்சுக் கேளுங்கம்மா. சொன்னாக் கேளுங்க.”

“பொய் உங்களோடது. விலை என்னோடது” என்றேன். என்ன பேச்சு! பெரிய வீரம் என்று நினைத்தேன்.

ரிஜிஸ்டர் ஆபீசில் பத்திரத்தை உரக்கப் படித்தார்கள். ஊரே கேட்டது. நல்ல வீட்டு விலை! உப்பரித்த வீட்டை எவளாவது முழு விலைக்கு வாங்குவாளா? ஏற்கெனவே ஏமாந்து திரும்பினவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வேளைகூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் பேச்சு பரவிவிட்டது: தரகரின் நாக்கு கெட்டுவிட்டது, இனி அது விலைக்கு வாங்கப்படும் நாக்கு.

அதன் பிறகு அவரை யாரும் சுவர் பார்க்கக் கூப்பிடவில்லை. ஒருத்தர்கூட இல்லை. என்னைக் குறைத்துக் கேட்கச் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கான செலவு அவருடையது.

அடுத்த ஞாயிறு மதியம் நான் அவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

அவர் முந்திக்கொண்டு கேட்டார்: “இன்னிக்கி உங்க வீட்டுல என்ன குழம்பு?”

“நெத்திலிக் கருவாடு அண்ணே.”

“இனி இந்த நாக்குக்கு என்ன வேலை? எலை போடுங்கம்மா.”

குடையோடு வந்தார். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சுவரை நக்கும்போது மூடுகிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாயும் வைத்தார். “அறுபது வருஷம் வீணாப் போச்சும்மா” என்றார். அன்று முதல் ஞாயிறு தவறியதில்லை. சாப்பிட்டுக் கை கழுவினதும் கூடத்துச் சுவரிடம் போவார், முட்டி உயரத்தில் நகத்தால் சுரண்டி நாக்கை வைப்பார். “அப்படியே இருக்கு” என்பார். குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவர் போய் வெகு காலம் ஆகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்க வருகிறவர்களிடம், கூடத்துச் சுவரில் முட்டி உயரத்தில் ஒரு கையகலம் விட்டுவிடச் சொல்கிறேன்.

“ஏன் ஆத்தா, அது மட்டும் அசிங்கமாத் தெரியுமே?” என்பார்கள்.

“தெரியட்டும்” என்பேன். “தரகர் வந்தா எங்கே பார்ப்பார்?”