நாலு ஓட்டை டிஸ்க்கும் ஆறு போல்ட் ஹப்பும்

தராசுக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இந்த ஜென்மத்தில் மண்மேடு ஏறுகிற தன் டர்ட் பைக்கை முழுசாக ரிப்பேர் பண்ணப் போவதில்லை.

வண்டி மேல் கோபமா? கிடையவே கிடையாது, அதன் மேல் உயிரையே வைத்திருந்தார். சிக்கல் என்னவென்றால், வண்டி பிரிந்து கிடந்தது வீட்டின் பின் அறையில். மடக்கு நாற்காலி, சின்ன ரேடியோ, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு. நாளெல்லாம் தராசு ரிப்பேர் செய்துவிட்டு வந்தால், கையில் ஒரு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அங்கே கண்ணை மூடிவிடுவார். கையில் ஸ்பேனரோடு இருக்கிற ஆம்பளையை யாரும் கடைக்கு விரட்டுவதில்லை.

வீட்டம்மாவுக்குத் தையல் வேலை. துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில். தட்டில் நூல், துணியில் எண்ணெய். அந்த அறைக்காக ஆறு மாதம் மல்லுக்கட்டி, கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. வண்டி ஓடும் நாள் வரை அறை தராசுக்காரருக்கு. ஓடிவிட்டால் வண்டி வாசல் கொட்டகைக்குப் போகும், அறை வீட்டம்மாவுக்கு.

பாக்கி இருந்தது முன் சக்கரத்து பிரேக் டிஸ்க் ஒன்றுதான். தராசுக்காரர் கடைக்குப் போய், ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு வண்டியின் டிஸ்க்கை எடுத்தார்.

“சார், இது உங்க வண்டிக்குச் சேராது. உங்க சக்கரத்து நடு ஹப்ல ஆறு போல்ட். இதுல நாலு ஓட்டைதான் இருக்கு,” என்றார் கடைக்காரர்.

“நல்லாத் தெரியும். கட்டிக் குடுங்க.”

வீட்டு வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நுழைந்தார்.

“என்னங்க, டிஸ்க் கிடைச்சுதா?”

“கிடைச்சு என்ன பண்ண? மாத்திக் குடுத்துட்டான். திருப்பி எடுத்துக்கவும் மாட்டானாம். சரியானது வர எட்டு மாசமாகுமோ, பத்து மாசமாகுமோ.”

“ஐயோ பாவம்.”

அந்த ‘பாவம்’ அவர் வயிற்றில் பாலை வார்த்தது. அறைக்குள் போய் ரேடியோவைப் போட்டார்.

மறுநாள் காலை, வீட்டம்மா பின் அறை வாசலில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்தபடி பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தார்.

“அந்த வண்டியை விட்டுடுங்க. தெருமுனை மெக்கானிக்கே சொல்லிட்டாரு.”

“என்னன்னு?”

“அந்த டிஸ்க்கை அந்த ஹப்ல எவனாலயும் மாட்ட முடியாதாம்.”

“அதான் நானும் சொல்றேன்.”

“அதுவும் உங்களால முடியவே முடியாதாம்.”

தராசுக்காரர் ரேடியோவை அணைத்தார்.

“என்னாலன்னு தனியாச் சொன்னானா?”

“தராசு பாக்குறவருக்குச் சக்கரத்தைப் பத்தி என்னம்மா தெரியும்னாரு. நான் என்னத்தைச் சொல்ல? சிரிச்சுட்டு வந்துட்டேன்.”

“சிரிச்சியா?”

“சும்மா, மரியாதைக்கு.”

அவ்வளவுதான். இரண்டு நாள் லீவு போட்டார். ஓர் அரிசி எடை கூடினாலும் கண்டுபிடிக்கிற கை அது, அந்தக் கைக்கா தெரியாது? அலுமினியத் தகட்டில் ஒரு வளையம் வெட்டினார். உள் வட்டத்தில் ஹப்புக்காக ஆறு ஓட்டை, வெளி வட்டத்தில் டிஸ்க்குக்காக நாலு. வளையத்தின் கனம் டிஸ்க்கை வெளியே தள்ளியது. விடுவாரா? பிரேக் கட்டை இருக்கிற காலிப்பரையும் வாஷர் வைத்து அதே கனத்துக்கு நகர்த்தினார். சக்கரத்தைச் சுற்றினால் டிஸ்க் மயிரிழை ஆடியது. கழற்றி, அரம் போட்டு, மறுபடி மாட்டினார். மூன்று முறை.

“வேண்டாங்க, உங்களுக்கு இது ஒத்துவராது,” என்று வீட்டம்மா நடுநடுவே டீ கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு டீக்கும் ஒரு போல்ட் இறுகியது.

சனிக்கிழமை மதியம் வண்டி கிளம்பியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டில் ஏறி இறங்கினார். பிரேக்கைத் தொட்டதும் சொன்ன இடத்தில் நின்றது. இப்படி ஒரு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. புழுதி அப்பிய முகத்தோடு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

மடக்கு நாற்காலி வாசலில் இருந்தது. பின் அறையில் வெட்டு மேசை, மேசை மேல் துணி, துணி மேல் கத்தரி.

“ஓடுச்சா?” என்று கேட்டார் வீட்டம்மா.

“பறந்துச்சு.”

“பிரேக் பிடிச்சுதா?”

“கச்சிதமா.”

“ரொம்ப சந்தோஷம். வண்டியைக் கொட்டகையில விட்டுடுங்க.”

ஒப்பந்தம் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடம் ஆடித்தான் போனார். பிறகு மனசைத் தேற்றிக்கொண்டார். அறை போனால் போகிறது, மானம் மிஞ்சியதே, அது போதாதா?

“விடுறேன். அதுக்கு முன்னாடி அந்த மெக்கானிக் கடை வாசல்ல போய் ஒரு பிரேக் அடிச்சுட்டு வர்றேன். அவன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்.”

வீட்டம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அங்க போகாதீங்க. பாவம், அந்த மனுஷன் ஒண்ணுமே சொல்லல.”