முப்பத்துமூன்றாம் கேள்வி

சேசு மரி சூசை துணை

குச்சனூர் போஸ்டு,
20-4-1938

பெரியாறு மலைமேல் தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக இருக்கும் என் மைத்துனன் லூர்துநாதனுக்கு, மச்சான் இஞ்ஞாசிமுத்து, ஓய்வுபெற்ற உபாத்தியாயர், எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் உன் அக்காள் செபஸ்தியம்மாளும் சுகம். அங்கே நீயும் உன் புதுப் பெண்சாதியும், அட்டைக்கடி நீங்கலாக, சுகமென்று நம்புகிறேன். தலைப்பிரசவத்துக்கு வந்த ஜெயமேரிக்கு ஆண் குழந்தை பிறந்த சேதியை முன்னமே கார்டில் எழுதினேன். எங்கே பிறந்தது என்று எழுதக் கார்டில் இடம் போதவில்லை. அதையும் இதில் எழுதுகிறேன்.

முதல் வீடு வாங்குகிறவன் என்னென்ன தப்புச் செய்யக்கூடாது என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய், மாப்பிள்ளை. நீ எழுதியபடி எங்கள் எதிர்வீட்டை, அதாவது பிச்சைமணியின் வீட்டை, பேசி முடித்து உன் பேருக்கு அச்சாரமும் கொடுத்துவிட்டேன். அந்த வீட்டில் நான் எதையெல்லாம் பார்த்தேன் என்பது புரிய வேண்டுமானால், என் வீட்டில் எதைப் பார்க்கவில்லை என்று முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மிஷன் பள்ளிக்கூடத்து வீட்டில் இருபத்தெட்டு வருஷம் குடியிருந்தவன் நான். ஓய்வு கொடுத்த மாதமே சாவியையும் கொடுக்கச் சொன்னார்கள். ஆகவே சொந்த வீடு வாங்கும் விஷயத்தில் நான் அவசரப்படாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் முப்பத்திரண்டு கேள்வி எழுதி வைத்துக்கொண்டு, கருத்தக்கண்ணன் என்பவருடைய இந்த வீட்டைப் பரீட்சை செய்தேன். உத்திரத்தைத் தட்டிப் பார்த்தேன். ஓடு ஒழுகுகிறதா என்று அறிய ஐப்பசி அடைமழையில் குடையை மடக்கி வைத்துவிட்டு நடுவீட்டில் ஒரு மணி நேரம் நின்றேன். கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் கொண்டுபோய் உன் அக்காளிடம் கொடுத்து, பருப்பு வேகிறதா என்று பார்க்கச் சொன்னேன், வெந்தது. ரிஜிஸ்தர் கச்சேரியில் வில்லங்கம் பார்த்தேன்; இல்லை. தெற்கு அறை மட்டும் பூட்டியிருந்தது. கருத்தக்கண்ணன், "அதுல கொஞ்சம் சாமான் கெடக்குய்யா. மாசி பொறந்ததும் எடுத்துக்கிடுவோம்" என்றார். நானும் நெல்லோ பழைய அண்டாவோ என்று விட்டுவிட்டேன். பத்திரம் முடிந்து அவர் வருசநாட்டுப் பக்கம் நிலம் பார்த்துப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்து குடிவந்தோம். வந்த முதல் வெள்ளிக்கிழமையே ஊர்க்காரர்கள் பத்துப் பேர், செருப்பை வாசலில் விட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வீட்டுக்குள் வந்து கைகட்டி நின்றார்கள். பட்டிக்காடானாலும் படித்தவனுக்கு மரியாதை செய்யத் தெரிந்த ஊர் என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கையை உயர்த்தி ஆசீர்வாதம்கூடச் செய்தேன். இப்படியே மூன்று வெள்ளி நடந்தது. மூன்றாவது வெள்ளி உன் அக்காள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அவுக ஒங்களக் கும்புடல. ஒங்களுக்குப் பின்னால இருக்குற கதவக் கும்புடுறாக. செத்த நகந்து நில்லுங்க" என்றாள்.

அந்த அறையில் இருந்தது அவர்கள் பங்காளிகளின் குலசாமிப் பெட்டி. நாலு தலைமுறையாக அங்கேதான் இருக்கிறதாம். சிவராத்திரிக்கு மலையடிவாரக் கோயிலுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய், மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்களாம். மாசியில் எடுப்பதைச் சொன்ன கருத்தக்கண்ணன், திருப்பி வைப்பதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் கடைசி வரியில் ‘தெற்கு அறை நீங்கலாக’ என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறது. கேள்வியைக் கடைசிவரை படிக்காத பையன்களுக்கு இருபத்தெட்டு வருஷம் சைபர் போட்டவன் நான்.

பங்காளிகளுக்குப் பெரியவர் ஒச்சாண்டி. அவரைப் போல மரியாதையான மனிதரைப் பார்க்க முடியாது. அதுதான் தொந்தரவே, சண்டை போட இடமே கொடுக்கமாட்டார். செவ்வாயும் வெள்ளியும் கருவாடு வறுக்கக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டபோது சரி என்றோம். ஜெயமேரியை எட்டாம் மாசம் அழைத்து வந்ததும் அவர் மறுபடி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பெட்டி இருக்கும் கூரைக்குக் கீழே பிரசவம் ஆகாதாம், தீட்டாம்.

"எங்க மாட்டுக்கொட்டத்த நானே சாணி போட்டு மொழுகி, சுத்தம் பண்ணித் தாரேன் சாமி. தங்கச்சி அங்கன பெத்துக்கிடட்டும்" என்றார்.

நம் ஆண்டவர் மாட்டுக்கொட்டிலில் பிறந்ததைப் பற்றி வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு மனம் உருகப் பாடம் சொன்னவனால் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? உன் அக்காள்தான் வாயைத் திறந்தாள்.

"தேவமாதாவுக்கு வீடு கெடைக்கல, பெத்தாக. எம்மகளுக்கு அப்பன் வீடு வாங்கியிருக்காரு. காசு குடுத்து வாங்கியிருக்காரு! அவ எதுக்குக் கொட்டத்துல பெறணும்?"

அதற்குப் பிறகு வீட்டில் சரியாகச் சாப்பாடு கிடைத்த நாள் குறைவு. ஜெயமேரி ஒரு நாள் என்னிடம், "நம்ம வீடுன்னு சொல்லித்தானப்பா கூட்டியாந்தீக?" என்று மட்டும் கேட்டாள். மாப்பிள்ளை, அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சிவராத்திரியன்று உறுமி மேளத்தோடு பெட்டி புறப்பட்டுப் போனது. மூன்றாம் நாள் நமக்கு விபூதிப் புதன். நான் நாலு மைல் நடந்து நம் மாதா கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் வாத்தியார் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டு, கறி தொடாத ஒருசந்தி நாளாயிற்றே என்று நான் கதறக் கதற ஒரு தூக்குச்சட்டி ஆட்டுக்கறிக் குழம்பைக் கையில் திணித்துவிட்டார்கள். குழம்பும் சாம்பலுமாக வீட்டுக்கு வந்தால், தெற்கு அறை திறந்து கிடக்கிறது. பெட்டியை வரவேற்க அறையை மெழுகிக் கோலம் போடுவதற்காக ஒச்சாண்டியின் பெண்சாதி இருளம்மாள் மட்டும் முன்னதாக வந்திருந்தாள். இந்த ஊருக்கு மருத்துவச்சியும் அவள்தான். நான் வாசலில் கால் வைக்கும்போதே ஜெயமேரிக்கு வலி கண்டுவிட்டது, இன்னும் மூன்று வாரம் இருக்கையில்.

கொட்டத்துக்குத் தூக்கிப் போவதா என்று நான் கேட்டேன். இருளம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"வலி கண்ட புள்ளையத் தெருவழியா இழுத்துக்கிட்டுப் போறதா? இங்கன வா ஆத்தா. இந்த அறதேன் குளுகுளுன்னு இருக்கு. இப்பத்தேன் மொழுகுனேன். சாமிதேன் வெளிய போயிருக்கே!"

கதவைச் சாத்திவிட்டார்கள். பொழுது சாயும்வரை நான் அந்தக் கதவுக்கு எதிரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகட்டி நின்றேன். பிறகு குழந்தை அழுத சத்தம் கேட்டது. வீடு வாங்கிய நாளிலிருந்து எனக்கு உண்டான முதல் சந்தோஷம் அதுதான்.

அதே சமயம் தெருமுனையில் உறுமிச் சத்தமும் கேட்டது. இருளம்மாள் ஈரக்கையோடு நடுத்தெருவுக்கு ஓடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "ஏலே, அங்கனயே நில்லுங்க! வீட்டுல புள்ள பொறந்திருக்கு!" என்று கத்தினாள். மேளம் நின்றது. புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. "எந்த அறையில?" என்று கேட்டார். "நாம் மொழுகுன அறையில" என்றாள். பெட்டியைச் சுமந்தவர் கீழே இறக்கவும் முடியாமல் முன்னால் வரவும் முடியாமல் நின்றார். முப்பது நாள் தீட்டு. கடைசியில், ஜெயமேரிக்காகச் சாணி போட்டு மெழுகி வைத்திருந்த அதே மாட்டுக்கொட்டத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். பிள்ளை பிறந்த அறைக்குப் பெட்டி திரும்பாதாம். சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இனி வேறு நல்ல இடம் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். அது அவர்கள் கவலை.

ஆகவே நீ கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்: முப்பத்துமூன்றாம் கேள்வி, ‘இந்த வீட்டில் எனக்குச் சேராதது எது?’ பிச்சைமணி வீட்டில் அதைத்தான் முதலில் கேட்டேன். எல்லா அறையையும் நானே திறந்தேன். பரணில் ஏறி இருமினேன். குதிருக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பத்திர நகலைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போனேன். சுத்தமான வீடு. நீ தைரியமாக உன் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு இறங்கி வரலாம். தேவமாதா உங்கள் இருவரையும் மழையிலும் பனியிலும் காப்பாளாக. உன் அக்காள் தேன் கொண்டுவரச் சொல்கிறாள், ஏலக்காயும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
இஞ்ஞாசிமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒச்சாண்டி வந்தார். கொட்டத்தில் மாடு கட்ட இடமில்லையாம். பிச்சைமணி வீட்டு மேற்கு அறையைக் கேட்டிருக்கிறார்கள். அவன் விற்றாகிவிட்டது, வாத்தியாரைக் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டான். "வாங்குறது ஒங்க மச்சினன்தேனாமே. வேத்தாளா? ஒங்க குடும்பத்துக்குத்தேன் பெட்டியோட பழக்கமிருக்கே" என்றார். அப்போது இருளம்மாள் என் பேரனைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். அவன் காலில் அவர்கள் போட்ட வெள்ளித் தண்டை. நான் தலையை ஆட்டிவிட்டேன். இன்று காலை பெட்டி உன் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. கோபப்படாதே. திருட்டுப் பயம் கிடையாது. வருஷா வருஷம் ஓடு மாற்றித் தருவார்கள். கருவாட்டு விஷயம் உனக்கே தெரியும். மற்றது ஒன்றே ஒன்றுதான். அடுத்த வருஷம் சிவராத்திரி பிப்ரவரி பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை. பெட்டி வெளியே இருப்பது மூன்று நாள்தான். பத்து மாதக் கணக்கில் பின்னால் எண்ணிப் பார்த்தேன். சித்திரைக் கடைசி வருகிறது. இந்தக் கடிதம் மலையேற இரண்டு மூன்று நாள் ஆகும். கிடைத்தவுடன் உன் பெண்சாதியோடு கலந்து பேசவும்.