ஓகே ஆன கம்ப்யூட்டரும் ஒரு வாளி மணலும்

சிவகாசி
12.6.2004

அன்புள்ள ஃபரீத் அண்ணனுக்கு, சின்னம்மா மகள் சித்திகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அம்மாவும் நானும் நலம். விருதுநகரில் பெரியம்மாவும் உங்கள் கடைக் கம்ப்யூட்டர்களும் நலமா? போனில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அன்றைக்கு, "அண்ணே, மணல்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். முழு விவரம் இதுதான்.

அய்யாதுரை அண்ணாச்சியின் அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. பட்டாசு லேபிளுக்குப் புரூஃப் எடுத்து, கம்பெனிக்காரர் "ஓகே" எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடக்கூடாது. கம்ப்யூட்டர் வந்த அன்றே அதன் பெட்டி மேலும் மார்க்கரால் "ஓகே" எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். திரை மூலையில் "அப்டேட் தயார்" என்று வரும்போதெல்லாம், "ஏ புள்ள, ஓகே ஆனதுல எவன் திருத்தம் சொல்லுதது? மூடு" என்பார். மூடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவளைப் பட்டாசுப் பெட்டி ஒட்டும் வேலையிலிருந்து எடுத்து, கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்காரவைத்தவர். எதிர்த்தா பேசுவேன்?

போன செவ்வாய்க்கிழமை மயில் மார்க் மத்தாப்பு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். மெயில் பார்க்க நெட்டை இணைத்ததும், இன்னும் அறுபது வினாடியில் அணையும் என்று திரை எண்ண ஆரம்பித்தது. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. பட்டாசு ஆலையில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த மெஷின்மேன் உக்கிரபாண்டி அண்ணன் அதை எட்டிப் பார்த்து, "திரி பத்திக்கிருச்சு, ஓடுங்கலே" என்று வாசலுக்குப் பாய்ந்தார். அவர் பின்னால் கட்டிங் வீரலட்சுமி அக்கா, அவர் பின்னால் டீ கொண்டுவந்தவர், டீயோடு. அண்ணாச்சி மட்டும் ஓடவில்லை. தீயணைக்க மணல் நிரப்பி வைத்திருக்கும் சிவப்பு வாளியைத் தூக்கி, முப்பதாவது வினாடியில் மணல் முழுவதையும் கம்ப்யூட்டர் மேல் கொட்டினார். அது மணலோடு எண்ணி முடித்து, அணைந்து, தானே எழுந்து, மறுபடி அறுபதிலிருந்து ஆரம்பித்தது.

"நாளையிலிருந்து நீ பெட்டி ஒட்டப் போயிரு" என்றார் அண்ணாச்சி, காலி வாளியோடு.

அப்புறம்தான் நீங்கள் திருப்பி அழைத்தீர்கள். இது கம்ப்யூட்டர் புரோகிராமில் இருந்த ஓர் ஓட்டை வழியாக நெட்டிலிருந்து நுழைந்த வைரஸ், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் முன்பே வந்துவிட்டது, நாங்கள் தினமும் மூடியது அதைத்தான் என்றீர்கள். அண்ணாச்சியிடம் அப்படியே சொன்னேன். "அப்ப ஓட்டையோடதான் வித்தானா? இனி எதுக்கு அடைக்கணும்?" என்றார். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "அண்ணாச்சி, உங்க மச்சான் பட்டாசு ஆலையில ஷெட்டுக்கு ஓகே வாங்கியாச்சுன்னு, சிந்துன வெடிமருந்தைக் கூட்டாமயா விடுதாக? தெனமும் கூட்டுதாகள்ல?" என்றேன். அண்ணாச்சி மார்க்கரை எடுத்து, "ஓகே"வுக்குக் கீழே "தினமும் கூட்டவும்" என்று எழுதினார்.

மணலைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய அப்டேட் சிடியைப் போட்டேன். நாற்காலி எனக்கே. இப்போது எல்லோரும் என்னை இன்ஜினியர் என்கிறார்கள். பெரியம்மாவுக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் கடையையும் உலகத்து ஓட்டைகளையும் பார்த்துக்கொள்வானாக.

அன்புத் தங்கை,
சித்திகா

பி.கு: கவரை ஒட்டுமுன் புதிய அப்டேட் ஒன்று வந்தது. பெருமையோடு போட்டேன். அணைத்து எழுப்பட்டுமா என்றது, சரி என்றேன். நடுவில் இன்னொரு கேள்வி வந்தது, பழக்கதோஷத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டேன். மயில் லேபிளைச் சேமிக்கவா என்று கேட்டிருக்கிறது; மயில் பறந்துவிட்டது. அண்ணாச்சி உங்களுக்குப் போன் போடுவார். வைரஸ் என்றே சொல்லிவிடுங்கள். வாளியில் மணல் நிரப்பி வைத்திருக்கிறேன்.