மலையை மட்டமாக்கிய கதை

சொன்னதைச் சொன்னபடியே செய்பவர்களால்தான் உலகத்தில் பாதி விபத்து நடக்கிறது. நான் அப்படிப்பட்டவள்.

எழுபதுகளில் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். மகனுக்கு ஒன்றரை வயது. பண்டாரவளையில் இருந்த அண்ணிக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, எங்கள் வீட்டின்மேல் நம்பிக்கையே இல்லை. மலைச்சரிவில் பிள்ளை உருண்டுவிடும், பள்ளிக்கூடம் போகிற வயதுவரை தன்னிடம் விட்டுவிடு என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். (சரி என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் பயம்.) எங்கள் முற்றம் எவ்வளவு மட்டமானது என்று படமெடுத்துக் காட்டத் தீர்மானித்தேன்.

கேமரா இரவல். கொடுத்த தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒரே ஒரு விதிதான் சொன்னார்.

"அடிவானம் மட்டமா இருக்கணும் டீச்சர். அதப் பாத்துக்கிட்டா போதும்."

எங்கள் தோட்டத்தில் அடிவானம் கிடையாது. நாலு பக்கமும் மலை. (கேட்டிருக்கலாம். டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்பாரே.) வானமும் மண்ணும் சேருமிடம் அடிவானம் என்று நானே வகுப்பில் படிப்பித்திருந்தேன். எதிர்மலையின் உச்சிக்கோடு வானத்தோடு சேர்ந்தது, ஆகவே அதுதான். அந்தக் கோடு வலப்பக்கமாக நன்றாகச் சரிந்து இறங்கியது. கேமராவைச் சரித்து, அதை மட்டமாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

கழுவிய படத்தை ஸ்டூடியோவில் வாங்கி, உறையைப் பிரிக்காமலே அண்ணி வீட்டுக்குப் போனேன். அவர்தான் பிரித்தார்.

மலை பலகைபோல மட்டமாக இருந்தது. மற்ற எல்லாம் சரிந்திருந்தன. வீடு பள்ளத்துக்குப் புறப்பட்டிருந்தது. கொடியில் கிடந்த வேட்டி புயலில் சிக்கியதுபோல் ஒரு பக்கமாகத் தொங்கியது. என் கணவர் (தேத்தண்ணிக்கு மேல் எதையும் குடிக்காதவர்) குடிவெறியில் தள்ளாடுகிறவராகத் தெரிந்தார். மகன் தூணைப் பிடித்திருந்தான். விட்டால் படத்தைவிட்டே விழுந்துவிடுவான் போலிருந்தது.

"ஏம்மா, புள்ள நிக்கிறதுக்கே தூணு வேணுமா? கொண்டாந்து விடு, நான் வளக்குறேன்" என்றார் அண்ணி.

அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசாத வாய் திறந்தது.

"சாஞ்சது என் கை அண்ணி, வீடு இல்ல. புள்ள எங்கிட்டதான் இருப்பான். சந்தேகம்னா வந்து பாருங்க."

வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

வந்தார். ஒரு வாரம் இருந்தார். முற்றத்தில் வைத்த பந்து வைத்த இடத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். படத்துக்குச் சட்டம் போட்டுத் தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டினார்: வீடு நேராகத் தெரியும்படி, சட்டத்தைக் கோணலாக.

இப்போது மகனுக்கு மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் வருகிற விருந்தாளியெல்லாம் அந்தச் சட்டத்தை நிமிர்த்தப் போவார்கள். அண்ணி இருந்த இடத்திலிருந்தே தடுப்பார்.

"அத நேராக்காதீங்க. புள்ள விழுந்துருவான்."