ஒரே தடவைதானே!

கூட்டல் மறந்து வகுத்தல் மட்டும் நினைவில் தங்கிய ஓர் இனம் நம்மிடையே வெகு சகஜமாக நடமாடிக்கொண்டிருக்கிறது. அவர்களை அடையாளம் காண்பது சுலபம். கடைக்குள் நுழைந்து, ஒரு பொருளின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, ஒரு கணம் முகம் வெளுத்து, உடனே கண்களை மேலே செருகி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்து, பிறகு மலர்ந்த முகத்தோடு, "பத்து வருஷம் உழைக்கும்னு வச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு ஒரு டீ காசுகூட வரல" என்று அறிவிக்கிறவர் எவரோ, அவரேதான். அதன்பிறகு அவர் அந்தப் பொருளை வாங்கியே தீருவார். டீயையும் விடமாட்டார் என்பது வேறு விஷயம். இவர்களுடைய மந்திரம் "ஒரே தடவைதானே!" என்பது. ஆகவே இவர்களை ஒரே தடவைக்காரர்கள் என்றே அழைப்போம்.

இந்த இனத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் உதாரணம், ஒரு லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் சூப்பர்வைசர். வேலை நேரத்தில் இவரைப்போல விவரமான ஆள் கிடையாது. புதிதாகக் கட்டடம் கட்டியவர் யாராவது, "லிஃப்ட்டைக் கம்மி விலைக்கு முடிச்சிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"சார், வாங்குறது ஒரு செலவா? வச்சுக் காப்பாத்துறதுதான் சார் செலவு. கயிறு தேயும். கதவு மக்கர் பண்ணும். மாசாமாசம் ஆள் வந்து எண்ணெய் போடணும். கரண்டு போனா பாதியில நிக்கும், அதுக்கு ஒரு பேட்டரி வேணும். எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க சார், லிஃப்ட்டோட விலையே சின்னதாத் தெரியும்."

கட்டடக்காரர் கூட்டிப் பார்ப்பார். வியர்த்து வழியும். வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். நம்மவர் வெற்றியோடு வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூட்டலையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைவார்.

உள்ளே அவருடைய மனைவி இருப்பார். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவர். தெருவில் எல்லோருக்கும் டீச்சரம்மா. கூட்டலை முதலிலும் வகுத்தலைக் கடைசியிலும் சொல்லித் தருகிறவர். இவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை உண்டு: கடலைப் பார்க்க வேண்டும். கல்யாணம் ஆன புதிதில், "அடுத்த லீவுக்குப் போறோம், நான் சொன்னா சொன்னதுதான்" என்று நம்மவர் சொன்னார். அந்த அடுத்த லீவு இன்னும் அடுத்த லீவாகவே இருக்கிறது. இதற்கிடையில் பாடப்புத்தகத்தில் கடல் பற்றிய பாடம் ஒன்று வருஷம் தவறாமல் வந்துபோகும். டீச்சரம்மா உப்பு, கப்பல், முத்து எல்லாவற்றையும் வெளுத்து வாங்குவார். போன வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அலை திரும்பிப் போறப்ப நம்ம காலுக்குக் கீழ மணல் ஓடுமே, அது ஏன் டீச்சர்?" என்று கேட்டாள். மணல் ஓடும் என்பதே டீச்சரம்மாவுக்குத் தெரியாது. "நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், சமையலறை அலமாரியில் ஒரு காலி டப்பாவைத் தேடி எடுத்துத் தன் சம்பளத்தில் கொஞ்சத்தை அதில் போட ஆரம்பித்தார். அதற்குக் கடல் டப்பா என்று பெயர்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நம்மவருக்குப் போனஸ் வந்தது. வழியில் ஒரு கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் பெட்டி. கண்கள் மேலே செருகின, உதடு முணுமுணுத்தது, டீ காசு வந்தது.

"எதுக்குங்க இது? இன்னும் சின்னப் பிள்ளையா நீங்க?" என்றார் டீச்சரம்மா.

"நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன். மனுசனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணாமா? இது ஒரே தடவைதானே செலவு! வகுத்துப் பாரு."

அன்று வாங்கியதென்னவோ பெட்டி மட்டும்தான். ஆனால் பெட்டி தனியாக வாழப் பிறந்த ஜீவன் அல்ல என்பது மறுநாளே தெரிந்தது. வீட்டிலிருந்த பழைய டிவிக்குப் பெட்டியின் அருமை தெரியவில்லை, ஆகவே சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி. அவ்வளவு பெரிய டிவியைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், ஆகவே தள்ளிப்போட வசதியாக ஒரு சின்ன சோபா. பெட்டி சூடாகிறது, அதற்கு ஆகாது, ஆகவே கூடத்துக்கு ஏசி. கரண்டு ஏறி இறங்குகிறது, ஆகவே ஒரு ஸ்டெபிலைசர். நெட் மெதுவாக வருகிறது, ஆகவே பெரிய பிளான். ஊர் உலகத்தோடு சேர்ந்து விளையாட வருஷச் சந்தா. கேம்களால் பெட்டியின் வயிறு நிறைந்துவிட்டது, ஆகவே வெளியே தொங்க ஹார்ட் டிஸ்க் என்று இன்னொரு வயிறு. ஒவ்வொன்றும் ஒரே தடவைதான். வாஸ்தவம்தானே, எந்த டிவியையாவது யாராவது இரண்டு தடவை வாங்குவார்களா?

கேம்களின் கதை தனி. அவற்றை அவர் வாங்குவதே இல்லை, 'மிச்சம் பிடிப்பார்'. பாதி விலைக்குப் போட்டிருக்கிறான் என்றால் மீதிப் பாதி லாபம் என்பது அவர் கட்சி. அப்படி மிச்சம் பிடித்த கேம்கள் திரையில் வரிசை வரிசையாக நிற்கும். விளையாடுவாரா? எங்கே நேரம்! ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஏசியைப் போட்டு, சோபாவில் சாய்ந்து, பெட்டியைத் தட்டினால், 'அப்டேட் நடக்கிறது, காத்திருக்கவும்' என்று திரையில் வரும். ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து போகும். அதைப் பார்த்துக்கொண்டே நம்மவர் அருமையாகத் தூங்கிப்போவார். கோடு முடிந்ததும் டீச்சரம்மா வந்து ஏசியை அணைப்பார்.

டிவி வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கடல் டப்பாவிலிருந்துதான் வந்தது. "கைமாத்தாத்தாம்மா" என்று சொல்லித்தான் எடுத்தார். எடுத்ததற்குப் பரிகாரமும் செய்தார். டிவி மாட்டிய அன்றே, கடற்கரை வருகிற ஒரு கேமைப் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வா, வந்து பாரு! கடல்! அலையைப் பாரேன், நுரை தனியாத் தெரியுது. நேர்ல போனாக்கூட இவ்வளவு தெளிவாத் தெரியாது."

டீச்சரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். நீலமாக என்னவோ புரண்டது.

"இந்தா, இந்தக் கண்ட்ரோலரைப் பிடி. உனக்குன்னே வாங்கினேன்."

"இந்த ரிமோட்டையா?"

"ரிமோட்டுன்னு சொல்லாத, கண்ட்ரோலர்! அலை அடிச்சா அப்படியே கையில தெரியும் பாரு."

அலை அடித்தது. கண்ட்ரோலர் உறுமி அதிர்ந்தது. டீச்சரம்மா அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டுகிற மனுஷனிடம் எப்படி அழுவது?

"கையில தெரியுது," என்றார். "கால்ல தெரியுமா?"

எந்தப் புருஷனுக்கும் இந்தக் கேள்வி நெஞ்சில் தைத்திருக்கும். ஒரே தடவைக்காரருக்கு அது ஆர்வமாகக் கேட்டது! அன்றிலிருந்து அவர் ஓய்வு நேரமெல்லாம் போனைத் தடவித் தேடினார். இதற்கிடையில் மிச்சம் பிடித்த கேம்களின் வரிசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டியே அவருடைய கண்ட்ரோலரின் குமிழ் தேய்ந்துவிட்டது. யாரும் தொடாமலே கேமின் கதாநாயகன் இடது பக்கமாக நடந்துபோய்க் கடலில் விழுந்து விழுந்து செத்தான். புதுக் கண்ட்ரோலர் வந்தது, ஒரே தடவைதான். தேடியதும் கடைசியில் கிடைத்தது. காலை வைத்துக்கொண்டால் கேமில் நடப்பதற்கு ஏற்ப அதிர்கிற ஒரு பலகை. விலையைப் பார்த்தார். இந்த முறை இரண்டு பேருடைய நாலு காலாலும் வகுத்துப் பார்த்தார். சல்லிசாக வந்தது.

பார்சல் வந்த அன்று, ஆளை வாசலில் நிற்க வைத்துவிட்டு, ஓசைப்படாமல் சமையலறைக்குப் போய், டீச்சரம்மா மறுபடி சேர்த்துவந்த கடல் டப்பாவைத் திறந்தார். உள்ளே பணம் இல்லை. ஒரு டிக்கெட் இருந்தது. ஒரே ஒரு டிக்கெட்.

"ஏம்மா, இதென்ன?"

"கடலுக்குப் போறேங்க. எங்க ஸ்கூல் டீச்சருங்க நாலு பேரா இந்த லீவுக்குப் போறோம்."

"போறதுக்கு, வர்றதுக்கு, தங்குறதுக்கு, சாப்பாட்டுக்கு... மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

மொத்தம்! அந்தச் சொல் அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை. டீச்சரம்மா சிரிக்கவில்லை.

"மொத்தம் எதுக்குங்க? வகுத்துப் பாருங்க. இன்னும் முப்பது வருஷம் நான் உசிரோட இருப்பேன்னு வச்சுக்கிட்டா, டீ காசு என்ன, டீயில போடுற சக்கரை காசுகூட வராது. ஒரே தடவைதானே!"

"அப்ப எனக்கு டிக்கெட்?"

"உங்களுக்குத்தான் வீட்லயே கடல் இருக்கே."

வாசலில் பார்சல்காரர் செருமினார். நம்மவர் கார்டைத் தேய்த்து அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து பலகையை வாங்கிக்கொண்டார்.

டீச்சரம்மா கிளம்பிப் போனார். நம்மவர் கூடத்தில் பலகையை இணைத்து, அதில் இரண்டு காலையும் வைத்து, ஏசியைப் போட்டு, பெட்டியைத் தட்டினார். பலகை வேலை செய்ய ஓர் அப்டேட் தேவைப்பட்டது. கோடு ஊர ஆரம்பித்தது. வழக்கமாக வருகிற தூக்கம் அன்று வரவில்லை. பக்கத்தில் டீச்சரம்மாவுடைய கண்ட்ரோலர் வாங்கிய பளபளப்போடு கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். கோடு பாதி போயிருக்கும், போன் அடித்தது.

எடுத்தால் ஒரே இரைச்சல். அதற்கு நடுவே டீச்சரம்மாவின் குரல், அவர் இதுவரை கேட்டறியாத ஒரு சின்னப் பெண்ணின் குரலாக வந்தது.

"ஏங்க! ஓடுதுங்க! காலுக்குக் கீழ மணல் நெசமாவே ஓடுதுங்க! கூசுது! விழுந்துடுவேன் போல இருக்கு!"

நம்மவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பலகை சும்மா இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் குரலைக் கேட்க ஒரு டிக்கெட் போதுமாக இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. எத்தனையோ கட்டடக்காரர்களைக் கூட்ட வைத்தவர், முதல் முறையாகத் தன் வீட்டுக் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து, டிவி, சோபா, ஏசி என்று தானே கூட்ட ஆரம்பித்தார். பாதியிலேயே வியர்த்துவிட்டது, ஏசி ஓடிக்கொண்டிருந்தும்.

"நீ அங்கேயே இரு," என்றார். "நான் வர்றேன்."

"பெட்டியத் தூக்கிட்டு வந்துடாதீங்க!"

கோடு முடியும் முன்பே பெட்டியை அணைத்துவிட்டு ஓடினார். இங்கேயே கதையை முடித்துவிட்டால் ஓர் ஆள் திருந்திய திருப்தி உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு கடை இருந்தது. மறுநாள் காலை கடற்கரையில் டீச்சரம்மா திரும்பிப் பார்த்தபோது, தண்ணீர் புகாத போன் உறை, தூரத்துக் கப்பலைப் பார்க்கத் தொலைநோக்கி, மடக்கு நாற்காலி இரண்டு, பெரிய குடை ஒன்று ஆகிய இவ்வளவையும் சுமந்துகொண்டு மணலில் ஒருவர் புதையப் புதைய வந்துகொண்டிருந்தார். டீச்சரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு ஒரு நாற்காலியை வாங்கிப் போட்டு உட்கார்ந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் கேம் பெட்டி கிடையாது, தெரியும். ஆனால் இந்தப் புத்தகத்தை வாங்கும்போது பின்னட்டையில் விலையைப் பார்த்தீர்கள். உடனே கடைசிப் பக்கத்தைப் புரட்டி எத்தனை பக்கம் என்று பார்த்தீர்கள். உங்கள் கண்கள் லேசாக மேலே செருகின. தள்ளுபடி என்று கூடவே எடுத்த இன்னும் சில புத்தகங்கள், முதுகு மடியாமல், அவற்றுக்காகவே வாங்கிய அலமாரியில் நிற்கின்றன. நான் குறை சொல்லவில்லை, அதில் எனக்கும் ஒரு பங்கு வருகிறது. உள்ளே போய், "உனக்குன்னு ஒரு டப்பா இருந்துச்சா?" என்று மட்டும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். தினமும் கேட்க வேண்டாம். ஒரே தடவைதானே!