கொசுவலைக்குள் ஒரு நெல்

நெற்பயிருக்குப் பஸ்ஸில் சீட் பிடித்துக் கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஓட்டை சார் ஒருவர்தான்.

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சி வயலில் அவர் விஞ்ஞானி. நான் கிளி விரட்டும் ஆள். எனக்கோ சத்தம் போடக் கூச்சம். மெதுவாகக் கைதட்டுவேன். கிளிகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சாப்பிடும். "கிளிகிட்ட என்னய்யா வெக்கம்?" என்று ஓடிவந்து அவரே கத்துவார்.

காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின் எப்போதும் அவர் கையில் இருக்கும். நாற்று நாற்றாக இலையில் ஓட்டை போட்டு, விழுந்த பச்சைப் பொட்டைக் குப்பியில் அடைத்து லேபுக்கு அனுப்புவார். அதனால்தான் அந்தப் பெயர்.

எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லா நாத்தும் பார்க்க ஒண்ணுபோலதான்யா இருக்கும். எது அரிசியில இரும்பும் துத்தநாகமும் அதிகமா சேர்க்கும்னு மரபணுவுல அடையாளம் இருக்கு. கதிர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், இலையே சொல்லிடும்."

அந்தப் பருவத்தில் எல்லா அடையாளமும் சேர்ந்த செடி ஒன்றே ஒன்றுதான் தேறியது. அது பால் பிடிக்கும் நேரம் பார்த்து மழை கொட்டி, வயலில் வெள்ளம் ஏறியது. சார் சேற்றில் இறங்கி, செடியை மண்ணோடு பெயர்த்து பக்கெட்டில் வைத்தார்.

"இது செத்தா இத்தனை வருஷ வேலையும் போச்சுய்யா."

அவர் ஸ்கூட்டர் தண்ணீரில் நின்றுவிட்டதால் பஸ் ஏறினோம். பக்கெட்டுக்கு ஜன்னலோர சீட். கண்டக்டர் வந்தார்.

"இன்னா சார், நெல்லுக்கு சீட்டா? அந்தம்மா நின்னுகினு வராங்க பாரு."

சார் எழுந்து தன் இடத்தை அந்த அம்மாவுக்குக் கொடுத்தார். "நான் நிக்கறேன். அது நிக்காது."

"வயல்ல மட்டும் இன்னா, குந்திகினா இருந்துச்சு?"

பஸ்ஸே சிரித்தது. சார் மட்டும் சிரிக்காமல், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பக்கெட்டுக்குக் குடையையும் பிடித்துக்கொண்டு வந்தார். ஜன்னல் ஒழுகுகிறதாம்.

சாரின் முகப்பேர் வீட்டு பால்கனியில் பக்கெட்டை வைத்தோம். அங்கே புறாத் தொல்லை. சார் கட்டிலில் இருந்த கொசுவலையை அவிழ்த்துச் செடிக்குக் கட்டிவிட்டார். மறுநாள் போனால் அவர் முகமெல்லாம் தடிப்பு.

"நெல்லு நல்லா தூங்குச்சு. நாங்கதான் விடியவிடிய கைதட்டிக்கிட்டு இருந்தோம்" என்றார் அவர் மனைவி.

கதிர் முற்றி, ஒரு கைப்பிடி விதை கிடைத்தது.

சார் இப்போது மாற்றலாகி வேறு ஊரில் இருக்கிறார். அந்தக் கைப்பிடியின் வம்சம் இங்கே ஒரு பாத்தி நிறைய நிற்கிறது. மற்ற பாத்திகளுக்கு நான் இன்றும் கைதான் தட்டுகிறேன். அந்தப் பாத்தியில் கிளி இறங்கினால் மட்டும், யார் பார்த்தாலும் சரி, தொண்டை கிழியக் கத்துகிறேன்.